பத்து டிகிரியில் இரண்டு கீறல்கள்

படைத்தவன் அவசரத்தில் கோணலாக விட்டுப்போன விழிகளைத் திருத்த, தலைமுறைக்கு ஒரு கை பூமிக்கு வருகிறது. கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் அந்தக் கை டாக்டர் லெஸ்டர் பிரிங்கர்ஹாஃபுடையது. இதை ஊருக்குச் சொன்னவரும் அவர்தான்.

அன்று அறுவை மேசையில் படுத்திருந்தவள் பள்ளிப் பேருந்து ஓட்டும் ரோவீனா வீன்ஸ்ட்ரா. இறந்துபோன யாரோ ஒருவரின் கருவிழியை அவளது இடது கண்ணில் தைத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. புதுக் கருவிழி பளிங்குபோலத் தெளிவு. ஆனால் பந்தாக இருக்க வேண்டியது முட்டையாக வளைந்துவிட்டதால், ஒரு விளக்கு மூன்றாகத் தெரிந்தது. பெரிய வண்டிக்கு உரிமம் வேண்டுமென்றால் இரண்டு கண்ணும் தனித்தனியாகத் தேற வேண்டும். அவள் பேருந்துச் சாவியை ஒப்படைத்து ஒரு குளிர்காலம் போய்விட்டது.

வைத்தியம் சுலபம். கருவிழி எந்தத் திசையில் கூடுதலாக வளைந்திருக்கிறதோ, அந்தத் திசையின் இரு முனையிலும் பிறைபோலக் கீறினால் தளர்ந்து படியும். திசைதான் எல்லாம். மேடுபள்ளத்தைக் காட்டும் வண்ணப்படம் கணினியில் இருந்தது; டாக்டர் திறக்கவில்லை. வழி தெரியாதவனுக்குத்தான் வரைபடம் என்பது அவர் கொள்கை. கீழ்த்தளத்தில் கண்ணாடிக்கு அளவு பார்ப்பவர் பத்து டிகிரி என்று சொல்லியிருந்தார். அது போதும் என்று விழியோரத்தில் மைப்புள்ளி வைத்தார், படுக்கவைத்தார், கீறினார்.

கீறியதும் கண்ணுக்கு மேல் விளக்கு வளையம் ஒன்றைப் பிடிப்பது வழக்கம். விழியில் முட்டையாக விழும் அதன் பிம்பம் இப்போது வட்டமாக வேண்டும்.

"வட்டமாத்தானே ஆகணும், டாக்டர்?" என்றாள் நர்ஸ் கோரீன். "இது வெள்ளரிக்காயால்ல நீளுது."

டாக்டரின் கத்தி பிடித்த கை அந்தரத்தில் நின்றது. படத்தைத் திறக்கச் சொன்னார். கூடுதல் வளைவைக் காட்டும் சிவப்பு, அவர் கீறிய திசைக்கு நேர் குறுக்கே, நூறு டிகிரியில் இருந்தது. கண்ணாடிக்காரர்கள் அளவைக் கழித்தல் குறியோடு சொல்வார்கள். அறுவை டாக்டர்கள் கூட்டல் குறியோடு. கண்ணும் ஒன்று, கோணலும் ஒன்று. இரண்டு கணக்குக்கும் நடுவே ஒரு செங்கோணம்: அங்கே பத்து என்றால் இங்கே நூறு. இதைக் கோட்டைவிடும் முதலாண்டு மாணவர்களை அவர் நிற்கவைத்துத் திட்டுவார்.

பல்லைக் கடித்துக்கொண்டு, குறுக்கே வெட்டிவிட்டதைக் கோரீனிடம் முணுமுணுத்தார். தவறான கீறல்களை மயிரிழை நூலால் இறுக்கித் தைத்தார். வெள்ளரிக்காய் மறுபடி முட்டையானது. நூறில் கீறினார். முட்டை ஏறக்குறைய வட்டமானது.

வெளியே சாய்வு நாற்காலியில் ரோவீனா ஆப்பிள் சாறு குடித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் தொண்டையைச் செருமி, தானமாக வந்த திசுவின் கணிக்க முடியாத சுபாவம் பற்றி ஒரு பேருரையைத் தொடங்கினார்.

"டாக்டரே, மரத்துப்போற மருந்து கண்ணுக்குத்தான் விட்டீங்க, காதுக்கு இல்ல," என்றாள் ரோவீனா. "குறுக்க வெட்டினீங்க, அப்புறம் தச்சீங்க. அதெல்லாம் கேட்டாச்சு. நான் வண்டி ஓட்டுவேனா, மாட்டேனா?"

பேருரை அங்கேயே செத்தது. தப்பு தன்னுடையதுதான் என்றார். அந்தச் சொல் அவர் வாய்க்குப் புதுசு, பாதியில் தடுக்கியது. தையல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தபின், கோடை முடிவதற்குள் கண்ணாடி போட்டுக்கொண்டு ஓட்டலாம் என்றார்.

"அப்ப சரி. நானும் பஸ்ஸைத் தப்பான தெருவுல திருப்பியிருக்கேன்." அவள் சாற்றை உறிஞ்சி முடித்தாள். "ஆனா அதுக்காக 'அம்மா'ன்னு கூப்பிட்டதில்ல."

டாக்டர் கூப்பிட்டிருந்தார், கத்தி அந்தரத்தில் நின்ற அந்த நொடியில். அவருக்கு வயது அறுபத்திரண்டு.