மைக்கில் மாற்றிச் சொன்ன சீர்

தேனிப் பக்கம் தேவாரம் என்ற ஊரில் என் வீட்டில் நடந்த மறுவீட்டு விருந்தன்று உள்ளே இருந்தவர்கள் இவர்கள்: தாய்மாமனாகிய நான், கருத்தக்கண்ணன். என் தங்கை சந்தனம்மாள். அவள் மகள் யுவராணி. யுவராணியைக் கட்டிய ராஜபாண்டி. பெரியகுளத்திலிருந்து வந்த ராஜபாண்டியின் அப்பா அழகர், அம்மா மொக்கம்மாள். பாட்டுப் போட வந்திருந்த மைக்செட் சுந்தர்ராஜ், வாசல்படியில். மற்ற உறவுக்காரர்கள் வெளியே பந்தலில் இருந்தார்கள். உள்ளே என்ன பேசினோம் என்று அவர்களுக்குத் தெரியாது. தெரியாதவர்கள்தான் இன்றுவரை அதிகம் பேசுகிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

இரண்டாயிரத்து ஒன்பது ஆவணியில் தேனி மண்டபத்தில் கல்யாணம். யுவராணி பள்ளிக்கூடம் போகும்போதே அவளுடைய அப்பா இறந்துவிட்டார். அப்பன் இல்லாத பிள்ளைக்குச் சீர் குறைந்தது என்று எவரும் சொல்லக் கூடாது. அதனால் சங்கிலி, பீரோ, கட்டிலோடு நிற்காமல், மணமக்கள் நேபாளத்துப் பொக்ராவுக்குப் போய் இமயமலையைப் பார்த்து வர விமான டிக்கெட்டும் சேர்த்தேன். சுந்தர்ராஜ் அதை மைக்கில் திரும்பத் திரும்ப வாசித்தான். எங்கள் பக்கத்தில் மைக்கில் வாசித்த சீரை மாற்றுகிற வழக்கம் கிடையாது.

மறுவீட்டு விருந்தில் இலை போட்டு, சோறு வைத்து, கறிக்குழம்பு ஊற்றியாகிவிட்டது. அப்போது யுவராணி என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"பெரிய மாமா, நேபாளத்துக்குப் போறோம். ஆனா பிளேன் வேண்டாம். ரயில்லயும் பஸ்லயும் போயிக்கிறோம்."

அவளே தொடர்ந்தாள்.

"நான் பாக்குற வேலை உங்களுக்குத் தெரியும். ஊரு ஊராப் போயி, கரும்பு வெட்டுனதும் காஞ்ச இலைச் சோகையக் கொளுத்தாதீக, புகையால ஊரு உலகமே சூடாகுதுன்னு சொல்லிக்கிட்டிருக்கேன். நீங்க மைக்குல சொன்னது அவுகளுக்கும் கேட்டிருக்கு. போன வாரம் கரும்பு போட்டிருக்குற பிச்சையம்மா வயல்ல நிக்கிறேன். 'ஏ ஆத்தா, நாங்க கொளுத்துனா உலகம் சூடாகும்னு சொன்ன. நீ பிளேன்ல போனா மட்டும் குளுந்துருமா'ன்னு கேட்டாக. சிரிச்சுக்கிட்டேதான் கேட்டாக. எனக்குப் பதில் வரல."

"பிச்சையம்மாளுக்குப் பதில் சொல்லத்தான் எம் மகன் உன்னயக் கட்டுனானா?" என்றார் மொக்கம்மாள். "ரயிலு மட்டும் என்ன, பச்சத் தண்ணியிலயா ஓடுது?"

"அதுலயும் புகை உண்டு, அத்தை. இல்லன்னு சொல்லல. ரொம்பக் கம்மி. பிளேன்ல ஒருத்தர் போறதுக்கு ஆகுற புகையில, ரயில்ல ரெண்டு பேரும் போயிட்டுத் திரும்பியும் வந்துரலாம்."

அழகர் இலையிலிருந்து கையை எடுத்தார்.

"சம்பந்தி, மனசுல பட்டதக் கேக்குறேன். புள்ளைக்கு வலிப்பு கிலிப்பு ஏதும் இருக்கா? பறந்தா வந்துரும்னு மறைக்கிறீகளா?"

சந்தனம்மாள் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். அந்தச் சொல் வாசலைத் தாண்டிப் பெரியகுளம் போய்ச் சேர்ந்தால், யுவராணி திரும்ப எங்கள் வீட்டுக்கே வந்து உட்கார வேண்டியதுதான். நோய் இருக்க வேண்டியதில்லை. பேச்சு போதும்.

அழகர் நிறுத்தவில்லை. "ஒண்ணு, புள்ள பிளேன்ல ஏறட்டும். இல்லன்னா மதுரையில பெரிய டாக்டராப் பாத்து ஒரு சர்ட்டிபிகேட் வாங்கியாங்க. அதுக்கப்புறம் இந்த எலையில கை வைக்கிறேன்."

"வாங்கிக் குடுத்துருவோம்ணே," என்று என் தங்கை காதோடு சொன்னாள். "ஒருத்தருக்கும் தெரியாமப் போயிட்டு வந்துருவோம்."

"மாட்டேன்," என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

புகைக் கணக்கு எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அன்று நேரமும் இல்லை. ஊரில் நின்று ஒன்றைச் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து வேறொன்றைச் செய்யும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் எவருக்கும் கிடையாது. அதை அந்தப் பிள்ளை எங்களிடமிருந்துதான் எடுத்துக்கொண்டது. மைக்கில் சொன்னது என் வாக்கு. சோகையைக் கொளுத்தாதே என்றது அவள் வாக்கு. இரண்டும் சேர்ந்து நிற்காது என்றால் நிற்க வேண்டியது அவளுடையது.

"சம்பந்தி," என்றேன். "டாக்டரப் பாக்கத்தான வேணும்? பாப்போம். மாப்பிள்ளையையும் கூட்டியாங்க. ரெண்டு பேருக்கும் ஒண்ணா எடுப்போம்."

"அவனுக்கு எதுக்கு?"

"அதத்தான் நானும் கேக்குறேன். எங்க புள்ளைக்கு எதுக்கு?"

வாசல்படியைப் பார்த்தேன். "ஏலே சுந்தர்ராஜ், பாட்ட நிப்பாட்டு. மைக்க இங்கன கொண்டா."

"வயரு எட்டாது மாமா."

"அப்ப நான் அங்கன வாரேன்."

பந்தலுக்குப் போய் நின்று பேசினேன். "தேவாரம் கருத்தக்கண்ணன் பேசுகிறேன். தேனி மண்டபத்தில் வாசிக்கச் சொன்ன விமான டிக்கெட்டைச் சீரிலிருந்து எடுத்துவிட்டேன். அதற்குப் பதில் ரயில் டிக்கெட் வைக்கிறேன். புகை குறைவாகப் போகிற வழியில்தான் போவேன் என்று என் தங்கை மகள் கேட்டாள். அதற்காக மாற்றினேன். வேறு காரணம் கிடையாது. இருக்கிறது என்று நினைக்கிறவர்கள் இப்போதே எழுந்து என்னிடம் கேட்கலாம்."

ஒருவரும் எழவில்லை. பின்வரிசையிலிருந்து யாரோ, "அம்புட்டுத் தூரம் ரயில்ல உக்காந்தா இடுப்பு ஒடஞ்சிரும்யா," என்றார். சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

உள்ளே வந்தபோது அழகர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். அவர் இலை அப்படியே இருந்தது.

"சபையில வச்சு அசிங்கப்படுத்திட்டீக."

"சபையில குடுத்தத சபையிலதான் எடுக்கணும். உங்களப் பத்தி நான் ஒரு வார்த்தை சொல்லல."

சம்பந்தி சாப்பிடாமல் வாசலைத் தாண்டினால் அந்த உறவு அத்தோடு முடிந்தது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் வழியை மறிக்கவில்லை. கையைப் பிடித்துக் கெஞ்சவும் இல்லை.

அதுவரை வாயே திறக்காத ராஜபாண்டி சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தான்.

"அத்தை, இங்கன இன்னுங் கொஞ்சம் கறி வைங்க," என்று சந்தனம்மாளிடம் சொன்னான். பிறகு தலையைத் தூக்காமலே, "அப்பா, எனக்கு ஒரு சர்ட்டிபிகேட்டும் வேணாம். இன்னொரு தடவை அந்தப் பேச்சு எடுத்தா, முதல்ல எனக்குத்தான் எடுக்கச் சொல்லுவேன். ஒக்காந்து சாப்பிடுங்க," என்றான். யுவராணியிடம் திரும்பி, "சன்னலோர சீட்டு எனக்கு," என்றான்.

"பாதித் தூரத்துக்கு," என்றாள் அவள்.

மொக்கம்மாள் புருஷனின் வேட்டியைப் பிடித்து இழுத்தார். "பெத்த மகனே திங்கிறான், நீங்க யாரோட மல்லுக்கு நிக்கிறீக? ஒக்காருங்க."

அழகர் உட்கார்ந்தார். கறி ஆறியிருந்தது. ஆறியதைத்தான் சாப்பிட்டார். சந்தனம்மாள் சூடாக வேறு கொண்டுவரப் போனாள். தேவையில்லை என்று நான் கண்ணைக் காட்டினேன்.

ஐப்பசியில் கிளம்பினார்கள். தேனியிலிருந்து மதுரைக்குச் சின்ன ரயில், அங்கிருந்து சென்னை, சென்னையிலிருந்து கோரக்பூர். அதற்கு மேல் பஸ்ஸில் எல்லையைத் தாண்டிப் பொக்ரா. வழியில் மாப்பிள்ளைக்கு வயிறு சரியில்லாமல் போய் ஒரு பகல் முழுக்க மேல் பெர்த்தில் சுருண்டு கிடந்தான். மறைப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. போய்ச் சேர்ந்த மறுநாள் காலையில் யுவராணி போன் செய்தாள்.

"மலை தெரியுது மாமா. பனி மேல வெயில் விழுது."

"நல்லது. உங்க மாமனாருக்கு மொதல்ல போன் போட்டியா?"

"அவுகளுக்குப் போட்டுட்டுத்தான் உங்களுக்குப் போடுறேன். 'எந்த மலை, பேரு என்ன'ன்னு கேட்டுக் கேட்டு எழுதிக்கிட்டாக."

அடுத்த கரும்பு வெட்டில் பிச்சையம்மாள் ஓரத்தில் கொஞ்சம் சோகையைக் கொளுத்தினார். மீதியை வயலிலேயே பரப்பி, மண் காயாமலிருக்க மூடாக்காக விட்டார். அது அவர் வயல், அவர் விருப்பம். ஆனால் யுவராணியிடம் பிளேன் பேச்சை அவர் மறுபடி எடுக்கவில்லை.

இப்போது தேனியை ஒட்டிய அல்லிநகரத்தில் ஒரு பேச்சு நடப்பதாகக் கேள்விப்படுகிறேன். போகும்போதுதான் ரயிலாம். திரும்பும்போது இருவரும் டெல்லியில் விமானம் ஏறி, யாருக்கும் தெரியாமல் மதுரையில் வந்து இறங்கினார்களாம். அது பொய். போன வழியிலேயே ரயிலில் திரும்பி வந்தார்கள்.