தண்ணீர் கேட்ட பனை

பெத்தணன் தன் முதலாளி அய்யாதுரைக்குத் தர வேண்டிய பாக்கி அறுபத்திரண்டு ரூபாய் ஐம்பது நயா பைசா. இளைய மகள் காதுகுத்துக்கு வாங்கியது. மகள் காதில் ஏறியது குன்றிமணி அளவு பொன். பெத்தணன் தலையில் ஏறியது இது.

அய்யாதுரைக்குச் சிவகாசியில் வெடிக் கம்பெனி. சாத்தூர் போகிற ரோட்டில் புதிதாக மாடி வீடு கட்டியிருந்தார். கம்பெனியில் லோடு ஏற்றுகிற பெத்தணனை வைகாசியில் ஒரு நாள் அந்த வீட்டுக்கு வரச்சொல்லி ஆள் விட்டார். முன்வாசல் தோட்டத்தில், கேட்டை ஒட்டி, சுவர் நிழலில் ஒரு செடி நின்றது. இடுப்பளவு உயரம். கொத்தாக நாலைந்து தண்டு, ஒவ்வொரு தண்டும் தபாலாபீஸ் அரக்கை உருக்கி ஊற்றியதுபோல் செக்கச்செவேல் என்றிருந்தது.

"பினாங்குல கடை வச்சிருக்கிற என் மச்சினன் கப்பல்ல கொண்டாந்ததுலே. அரக்குப் பனை" என்றார் முதலாளி.

பெத்தணன் சுற்றிவந்து பார்த்தான். "நுங்கு வெட்டலாமா மொதலாளி?"

"வெட்ட முடியாது."

"பதநி எறக்கலாமா?"

"எறக்க முடியாது."

"ஓலை கூரைக்கு ஆகுமா?"

"ஒண்ணுக்கும் ஆகாதுலே. பாக்குறதுக்கு மட்டுந்தான்."

"எங்க மருமகப்பிள்ளை மாதிரின்னு சொல்லுங்க."

முதலாளிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு விஷயத்துக்கு வந்தார். ஆவணியில் கல்கத்தா சேட் தீபாவளி ஆர்டர் கொடுக்க வருகிறார். அவர் வரும்போது செடி பச்சை மாறாமல் நிற்க வேண்டும். நின்றால் பாக்கி முழுவதும் தள்ளுபடி. பட்டுப்போனால் செடியின் விலையும் பாக்கியோடு சேரும்.

"பனைதானே" என்று பெத்தணன் உடனே தலையாட்டிவிட்டான். அவன் பிறந்த ஊரில் மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் பனை நிற்கும். பனைக்குத் தண்ணீர் ஊற்றினான் என்று எவனையாவது சொன்னால் அவனுக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள்.

இந்தப் பனையோ இரண்டு நாள் தண்ணீர் காணாவிட்டால் மூன்றாம் நாள் ஓலையைத் தொங்கப்போட்டது. வீட்டுக் கிணற்றில் உப்புத் தண்ணீர். அதை ஊற்றினால் ஓலை நுனி கருகியது. குடிக்க வாங்கி வைத்திருந்த நல்ல தண்ணீரில் ஒரு செம்பு எடுக்கப் போனவனை முதலாளியம்மா சொர்ணலட்சுமி பிடித்துக்கொண்டார்.

"ஏலே, மனுசருக்கே இங்கன தண்ணி இல்ல. பனைமரத்துக்கு ஊத்தப் போறியாக்கும்?"

அதனால் வேலை விட்டதும், வண்டிப்பேட்டைக்கு அந்தப் பக்கம் இருந்த நல்ல தண்ணீர்க் கிணற்றிலிருந்து இரண்டு மண்ணெண்ணெய் டின்னைக் காவடி கட்டித் தூக்கிவந்தான். பகலெல்லாம் பெட்டி சுமந்த அதே தோள். வழியில் பார்த்தவனெல்லாம் கேட்டான்.

"என்ன பெத்தணா, வாழைக்கா?"

"பனைக்கு."

அவ்வளவுதான். அன்றிலிருந்து அவன் பெயர் 'பனைக்குத் தண்ணி' ஆகிவிட்டது. கம்பெனியில் கூலி கொடுக்கும்போதுகூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

ஆடி பிறந்தது. காற்றென்றால் காற்று, வேட்டியை உருவிக்கொண்டு போகிற காற்று. அரக்குப் பனையின் நடுத்தண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பெத்தணனின் பெண்டாட்டி முத்துப்பேச்சி வந்து பார்த்தாள்.

"இது செத்துச்சுன்னா நம்மளும் செத்தோம்" என்றபடி ஒரு கம்பை ஊன்றி, தன் பழைய மஞ்சள் சேலையில் ஒரு முழம் கிழித்து, தண்டைக் கம்போடு சேர்த்துக் கட்டினாள்.

ஆடி மாதம். சிவந்த தண்டு. அதில் மஞ்சள் துணி. இருக்கன்குடி மாரியம்மனுக்கு நடந்து போகிற சனமெல்லாம் அந்த ரோடு வழியாகத்தான் போகும். சொல்லவா வேண்டும்?

மறுநாள் காலையில் பெத்தணன் வந்தபோது கேட் திறந்து கிடந்தது. செடியைச் சுற்றித் தரை ஈரமாக இருந்தது. குங்குமம், வேப்பிலை. கம்பெனியில் வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டுகிற வெள்ளைத்தாய் இன்னும் நாலு பெண்களோடு நின்று செம்புத் தண்ணீரை ஊற்றிக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆத்தா இங்கன எந்திரிச்சிருக்கா. தினம் பக்கத்துல நிக்கிற, ஒரு வார்த்தை சொன்னியாடே?"

அது முட்டுக் கொடுத்த துணி என்று சொல்லத்தான் பெத்தணன் வாயைத் திறந்தான். தோள் விண்ணென்று வலித்தது. மூடிக்கொண்டான்.

அப்புறம் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. குடத்தில் வந்தது, செம்பில் வந்தது, தூக்குவாளியில் வந்தது. பெத்தணன் காவடியைக் கழற்றிச் சுவரில் சாத்திவிட்டு, வருகிறவர்களை ஒழுங்குபடுத்துகிற வேலையை மட்டும் பார்த்தான்.

"உப்புத் தண்ணி ஆகாது தாயி. நல்ல தண்ணி மட்டும். மஞ்சத்தூளு வேருல வேண்டாம், தள்ளி வையிங்க. ஏ மதினி, ஓலையப் பிய்க்காதீக!"

"ஆத்தாளுக்கு எது ஆகும், எது ஆகாதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் வெள்ளைத்தாய்.

"அவளுக்கு ரெண்டு மாசமா நாந்தான தண்ணி தூக்குனேன்" என்றான். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

முதலாளி கத்தித்தான் பார்த்தார். ஆனால் சொர்ணலட்சுமியே ஒரு வெள்ளிக்கிழமை ஈரத்தலையோடு செம்பை எடுத்துக்கொண்டு இறங்கியபிறகு அவர் யாரிடம் கத்துவது? குடிதண்ணீர்தான், நிறைகுடத்திலிருந்து எடுத்தது.

ஆவணியில் சேட் வந்தார். காரிலிருந்து இறங்கியதும் தளதளவென்று நின்ற பச்சை ஓலையையும் சிவப்புத் தண்டையும் மஞ்சள் துணியையும் பார்த்தார். பூட்ஸைக் கழற்றினார், கும்பிட்டார், ஒரு சுற்றும் சுற்றினார். பினாங்கு, மச்சினன், கப்பல் என்று முதலாளி பாடம் பண்ணி வைத்திருந்ததெல்லாம் வீணாய்ப் போனது. ஆனால் ஆர்டர் போன வருசத்தைவிடக் கூட வந்தது.

சேட்டின் கார் போனதும் பெத்தணனும் முத்துப்பேச்சியும் வந்து நின்றார்கள்.

"சொன்னபடி செடி நிக்கிது மொதலாளி."

"நிக்கிது. ஆனா நீயாலே நிக்க வச்ச? ஆடி மாசம் பூராம் ஊருல்ல தண்ணி ஊத்துச்சு? அது எப்படி உன் கணக்குல தள்ளுபடி ஆகும்?"

பெத்தணன் முத்துப்பேச்சியைப் பார்த்தான். அவள் முதலாளியைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் கதவோரம் நின்ற சொர்ணலட்சுமியைப் பார்த்துச் சொன்னாள்.

"மொதலாளி சொல்றது நாயந்தான் தாயி. ஊரு ஊத்துனது எங்களுக்காகவா ஊத்துச்சு? ஆத்தாளுக்குல்ல ஊத்துச்சு. அப்ப செடிய நிக்க வச்சது ஆத்தா. அந்த அறுபத்திரண்டரை ரூவா அவளுக்குச் சேர வேண்டியது. எங்களுக்கு வேண்டாம்."

சொர்ணலட்சுமிக்கு உடம்பு சிலிர்த்தது. "பாத்தீகளா, ஏழைன்னாலும் எம்புட்டு நல்ல மனசு! ஏங்க, வர்ற வெள்ளிக்கிழமை இருக்கன்குடி போறோம்ல. அந்த ரூவாய எடுத்து மஞ்சத் துணியில முடிஞ்சு வச்சிருங்க. உண்டியல்ல போட்டுருவோம்."

அய்யாதுரை வியாபாரி. உண்டியலில் போடுவதென்றால் ரொக்கம் வேண்டும். கணக்கில் அடிப்பதென்றால் மை போதும். அவர் பேனாவைத் தேடிய வேகத்தில் கண்ணாடி கீழே விழுந்தது.

"இல்ல சொர்ணம், பேச்சுன்னா பேச்சு. ரெண்டு மாசமா காவடி தூக்குனது அவந்தானே? அவன் பாக்கியத் தள்ளுறதுதான் தர்மம்" என்று கணக்கு நோட்டைத் திறந்து, பெத்தணன் பெயர் இருந்த இடத்தில் ஒரே இழுப்பாக ஒரு கோடு போட்டார்.

எழுத்துத் தெரியாத பெத்தணன் எட்டிப் பார்த்தான். கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான்.

"மொதலாளி, இன்னொரு கோடும் போட்டுருங்க. ஒத்தக் கோடுன்னா எழுத்து மாதிரியே இருக்கு."

போட்டார்.