ஆஸ்டீரியாவின் ஆறு வருடங்கள்

குன்றின் மேலிருக்கும் கோயில்வரை சவப்பெட்டியை மாற்றி மாற்றிச் சுமக்கப் பன்னிரண்டு பேராவது வேண்டும் என்று ஜோயல் வாசலில் ஆள் சேர்த்துக்கொண்டிருந்தான். உள்ளே அவன் அம்மா லவ்டே குங்குமப்பூ ரொட்டியைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். நீ உட்கார், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் சொல்லிப் பார்த்தார்கள். அவள் கத்தியை விடவில்லை. கை சும்மா இருந்தால் கண் சும்மா இருக்காது என்பது அவளுக்குத் தெரியும். முன்னறையில் இரண்டு நாற்காலிகள் மேல் பெட்டிக்குள் அவள் புருஷன் ஜேபஸ் கிடந்தார். நாற்பது வருடம் இரைச்சல் போட்ட மனிதர், இப்போது மகா சாது.

அடுப்போரம் உட்கார்ந்து தேநீரை ஊதிக்கொண்டிருந்தவர் ஸ்டாப்ஸ் கிழவர். ‘ஆஸ்டீரியா’ போர்க்கப்பலில் ஜேபஸோடு உலைக்குக் கரி தள்ளியவர். செய்தி கேட்டதும் கென்ட்டிலிருந்து முந்தின நாளே ரயிலேறி வந்திருந்தார். அவ்வளவு தூரம் வந்தவரை வெறும் ரொட்டியோடு அனுப்ப லவ்டேக்கு மனம் வரவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு அலமாரியிலிருந்து தன் நோட்டை எடுத்து வந்தாள்.

ஜேபஸுக்கு எழுத்து வராது. பெயருக்குப் பதில் சிலுவைக் குறி போடுகிறவர். ஆகவே அவர் தென் அமெரிக்கக் கரைக்குப் போன ஆறு வருடமும் ஒரு கடிதம் இல்லை. பள்ளிக்கூட வாத்தியார் படித்துப் போட்ட செய்தித்தாளில் எந்தப் போர்க்கப்பல் எங்கே நிற்கிறது என்று வாராவாரம் ஒரு பத்தி வரும். அதில் ஆஸ்டீரியாவின் வரியை மட்டும் வெட்டி இந்த நோட்டில் ஒட்டுவாள். கப்பல் கயாவோ துறைமுகத்தில் என்றால் புருஷன் கயாவோவில். புயலில் கப்பலின் பாய்மரம் முறிந்தது என்றால் அன்றிரவு அவளுக்குத் தூக்கம் இல்லை. அந்தக் கப்பலின் வரலாறு கடற்படைத் தலைமையகத்தில்கூட இவ்வளவு ஒழுங்காக இருந்திருக்காது.

கிழவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"அட, எம்பத்திரண்டு மே, பிளிமத்தை விட்டுக் கிளம்புனது! பாக்லாந்துல கரி ஏத்துனது! தங்கச்சி, நீ எங்களோட கப்பல்லயேதான் இருந்திருக்க போல."

"அப்படித்தாண்ணே நெனச்சுப்பேன்."

"எம்பத்தஞ்சு ஜூன், பனாமா. இதோட நம்ம கதை முடிஞ்சுது. அப்புறமும் ஏன் ஒட்டி வெச்சிருக்க?"

"என்னண்ணே முடிஞ்சுது? எம்பத்தெட்டு வரைக்கும் அங்கதானே இருந்தீங்க."

கிழவர் சிரித்தார். "கப்பல் இருந்துது. கப்பலுக்கென்ன, இரும்பும் பலகையும். எங்களை மூணு வருஷத்துக்கு மேல வெச்சிருந்தா பைத்தியம் புடிச்சுடாது? பனாமாவுக்குப் புது ஆளுங்க வந்தாங்க. கப்பலை அவங்க கையில குடுத்துட்டு, அவங்க வந்த கப்பல்லயே நாங்க மொத்தப் பேரும் ஊர் திரும்பிட்டோம். எப்பவும் நடக்கறதுதானே."

கடலோடிகள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் செய்தித்தாள் கப்பலின் பெயரைத்தான் போடும், உள்ளே ஆள் மாறியதைப் போடாது. லவ்டே கடலோடியின் பெண்டாட்டிதானே தவிர கடலோடி இல்லை.

"அவரும் உங்க கூட வந்தாரா?" என்று கேட்டாள்.

"பின்ன? ரெண்டு பேரையும் எங்க கென்ட்லயே ஷீர்னெஸ் துறைமுகக் காவல் கப்பல்ல போட்டாங்க. மூணு வருஷம் ஒரே மேசையில சாப்பிட்டோம். லீவு கிடைச்சா ஊருக்குப் போறேன்னு முதல் ஆளா கிளம்பிடுவான். பெண்டாட்டி முந்தானையைப் புடிச்சுக்கிட்டே..." கிழவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

எண்பத்தெட்டில் கப்பல் வந்த அதே வாரம் தோளில் பையோடு வாசலில் வந்து நின்ற ஜேபஸ் அவள் கண்ணில் வந்து போனார். கிளி பேசும் நாடுகளின் கதையை ஒரு மாதம் சொல்லியிருக்கிறார். அவள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டிருக்கிறாள்.

"எம்பத்தாறுல நான் ஒரு கடுதாசி எழுதினேன்," என்றாள். "கப்பல் பேருக்குத்தான் போட்டேன்."

"லண்டன்லயே எங்க கப்பலுக்குத் திருப்பி விட்டுட்டாங்க. மூணாம் நாள் வந்துருச்சு. நான்தான் படிச்சுச் சொன்னேன், எப்படி மறப்பேன்? பாப்பாவுக்குத் தொண்டை அடைச்சிருக்கு, அப்பான்னு கூப்பிடுதுன்னு எழுதியிருந்த. கேப்டன் கால்ல விழாத குறையா ஒரு வாரம் லீவு வாங்கிக் குடுத்தோம். ஓடினான். திரும்பி வந்து, கையிலேயே வெச்சிருந்தேன், என்னைப் பாத்துக்கிட்டே போயிடுச்சுன்னான். நாங்க எல்லாரும் அழுதோம்."

கிழவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"வந்தான்ல, தங்கச்சி?"

மகள் தாமசின் ஒன்பது நாள் இழுத்துக்கொண்டு கிடந்தாள். நாலு வயது. கடலைப் பார்த்த ஜன்னலோரம் படுக்கையைப் போடச் சொல்லி, அப்பா கப்பல் வருதா, அப்பா கப்பல் வருதா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஷீர்னெஸிலிருந்து ரயிலில் ஒரு நாள் பயணம். லவ்டே இத்தனை காலமும் கடலைத்தான் சபித்திருந்தாள். ராணியை, கடற்படையை, அந்தக் கப்பலைச் செய்த தச்சனைக்கூட விட்டுவைக்கவில்லை. புருஷனை மட்டும் ஒரு சொல் சொன்னதில்லை. பாவம், உலகத்தின் அந்தக் கோடியில் கிடக்கிற மனிதன் என்ன செய்வான் என்று அவருக்காகவும் சேர்த்து அழுதிருக்கிறாள். நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பார்கள். இவர் அறுத்ததுகூடத் தெரியாதபடி இருபத்தைந்து வருடம் நடத்தியிருக்கிறார்.

"அந்த வாரம் எங்க போனாரு?"

"சத்தியமா எனக்குத் தெரியாதும்மா. இங்கன்னுதான் நெனச்சேன்."

வெளியே பாட்டு ஆரம்பித்துவிட்டது. பெட்டியைத் தூக்கினார்கள். லவ்டே கறுப்புத் தொப்பியை மாட்டிக்கொண்டு பின்னால் நடந்தாள். மழை தூறியது. அவள் அழவில்லை. என்ன நெஞ்சழுத்தம் பார் என்று சிலரும், துக்கம் அடைத்துவிட்டது என்று சிலரும் சொல்லிக்கொண்டு வந்தார்கள்.

கோயில் தோட்டத்தில், தாமசினின் சின்னக் கல்லை ஒட்டிக் குழி தயாராக இருந்தது. மகளின் பக்கத்திலேயே படுக்க வேண்டும் என்பது ஜேபஸின் கடைசி ஆசை. போதகர் புத்தகத்தைத் திறந்தார்.

"இங்க வேண்டாம்," என்றாள் லவ்டே.

வெட்டியான் பாஸ்கோ காதில் கை வைத்துக் குனிந்தான். "என்னம்மா?"

"இதை மூடிடு. அந்த மதிலோரம் வேற குழி தோண்டு."

ஜோயல் அவள் கையைப் பிடித்தான். "அம்மா, என்னம்மா இது? ஊரே பாக்குது. அப்பா ஆசைப்பட்ட இடம்மா."

"அவ பக்கத்துல வேண்டாம்டா."

"மதிலோரம் முழுக்கப் பாறைம்மா, ரெண்டு மணி நேரம் ஆகும்," என்றான் பாஸ்கோ.

"ஆகட்டும்."

ஜோயல் போதகரைப் பார்த்தான். போதகர் ஸ்டாப்ஸைப் பார்த்தார். கிழவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். கடைசியில் பெட்டியைப் புல்லில் இறக்கினார்கள். பாட்டு தீர்ந்துபோனதும் யாரோ முதல் அடியிலிருந்து மறுபடி எடுத்தார்கள், பிறகு அதுவும் நின்றது. ஆட்கள் மதில்மேல் குந்திக்கொண்டார்கள்.

கடப்பாரை பாறையில் இடிக்கத் தொடங்கியது. லவ்டே ஈரப் புல்லில் மண்டியிட்டு, தாமசினின் கல்லில் படர்ந்திருந்த பாசியை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.