கப்பல் மாறுகிறவளும் சனிக்கிழமை டீயும்

இந்தக் காலத்து ஆட்களுக்கு வண்டியில் ஏறத் தெரிகிறது, இறங்கத் தெரியவில்லை. வெள்ளைத்துரையின் கட்சி இதுதான். வரும்போது அண்ணே அண்ணே என்று வருவார்கள். ஒருநாள் விடிகாலையில் பார்த்தால் ஆள் இருக்காது. வேறொருத்தன் ஜீப்பில் உட்கார்ந்துகொண்டு, இவரைப் பார்க்காத மாதிரி மலையைப் பார்த்துக்கொண்டு போகும்.

போடியிலிருந்து போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்கு ஆளேற்றிப் போகிற ஜீப்பு அவருடையது. இருபத்தெட்டு வருசமாக ஓட்டுகிறார். அவர் வண்டியில் மூப்புப்படிதான் சீட்டு. அதிக வருசம் வந்தவர் முன்னால், நேற்று வந்தவர் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு. வண்டி மாறுகிறவர் சனிக்கிழமை சாயங்காலம் இறங்கும்போது அவரிடம் சொல்ல வேண்டும். அவர் ஒரு டீ வாங்கிக் கொடுப்பார். குடித்துவிட்டுப் போகலாம். சொல்லாமல் போனவரை மற்ற டிரைவர்கள் ஏற்றக் கூடாது. எங்கேயும் எழுதி வைத்ததில்லை, ஆனால் ஸ்டாண்டில் எல்லாருக்கும் தெரியும்.

தெரிந்து என்ன? பதினொரு வருசம் இவர் வண்டியில் காய் எடுக்கப் போன சுப்புத்தாய், போன மாசம் ஒரு வார்த்தை சொல்லாமல் காசிமாயன் வண்டிக்குப் போய்விட்டாள். அவனும் ஏற்றிக்கொண்டான். கேட்டதற்கு, "அண்ணே, நீங்க எந்தக் காலத்துல இருக்கீக" என்று சிரித்தான்.

அந்த எரிச்சல் அடங்குவதற்குள் வீட்டிலேயே ஒருத்தி கிளம்பினாள்.

மகள் தமிழ்செல்விக்கு சுற்றுலாக் கப்பலில் வேலை. ரொட்டி சுடுகிற பிரிவு. எட்டு மாசம் கடல், ரெண்டு மாசம் வீடு என்று ஆறு வருசமாக ஒரே கம்பெனி. இந்த லீவில் வந்தவள், சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே, கம்பெனி மாறப்போவதாகச் சொன்னாள். வெள்ளைத்துரை பிசைந்த சோற்றை அப்படியே வைத்தார்.

அங்கே உன் மூப்பு என்னாகும் என்று கேட்டார். போயிரும் என்றாள். பெர்த்து? இப்போது ரெண்டு பேர் ரூம், அங்கே நாலு பேர் ரூம், மேல் பெர்த்து. நெருப்புப் பிடித்தால் எங்கே நிற்க வேண்டும் என்கிற பயிற்சியைக்கூட முதலிலிருந்து படிக்க வேண்டும். அடுப்பு வேற, மாவு வேற, பெரிய செஃப்பு வேற. மெஸ்ஸில் இவளுக்கென்று சோறு எடுத்து வைக்கிற பிலிப்பைன்ஸ் அக்கா இருக்க மாட்டாள். முதல் மூணு மாசம் இப்போதிருக்கிற வேலைக்கு ஒரு படி கீழேதான் நிறுத்துவார்கள்.

இத்தனையும் தெரிந்துகொண்டு ஒருத்தி போவாளா என்று அவர் பெண்டாட்டி அய்யம்மாளைப் பார்த்தார். அய்யம்மாள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"மேல் பதவி கேட்டா நாலு வருசமா அடுத்த தடவை, அடுத்த தடவைன்னே சொல்றாங்கப்பா," என்றாள் தமிழ்செல்வி. "புதுக் கம்பெனியில மூணு மாசம் கழிச்சு ஒரு பரீட்சை வைக்கிறாங்க. தேறிட்டா ரொட்டிப் பிரிவே என் கையில."

கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேசியாகிவிட்டதாம். லெட்டர் மட்டும் வர வேண்டும். அது வரும்வரை யாரிடமும் மூச்சு விடக் கூடாது, பழைய கப்பலில் இன்னும் பதினஞ்சு நாளில் ஏற வேண்டியிருக்கிறது என்றாள்.

யாரிடமும் என்றால் தெருவில் என்று வெள்ளைத்துரை எடுத்துக்கொண்டார். அப்படி எடுத்துக்கொள்ள அவருக்கு வசதியாக இருந்தது.

சனிக்கிழமை வந்தது. ஆட்களை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தவர் கண்ணில் சுவரில் தொங்கிய காலண்டர் பட்டது. பெரிய வெள்ளைக் கப்பல் படம். பழைய கம்பெனிக்கு ஆள் எடுத்துக் கொடுக்கிற சென்னை ஏஜெண்டு வருசா வருசம் அனுப்புவது. அடியில் போன் நம்பர். எழுத்துத்தான் அவருக்குத் தகராறு, நம்பர் நன்றாகவே தெரியும். ஆறு வருசம் சோறு போட்ட இடம். சுப்புத்தாய் மாதிரித் தன் மகள் இறங்கினாள் என்று நாளைக்கு ஒருத்தன் சொல்லக் கூடாது. போனைப் போட்டார். எடுத்தது ஒரு பெண்.

"போடியிலருந்து தமிழ்செல்வி அப்பா பேசுறேன் தாயி. எம்மக உங்க கப்பல்லருந்து எறங்கி வேற கம்பெனிக்குப் போறா. சொல்லாமப் போனா முறையில்லைல்ல, அதான் சொல்றேன்."

அந்தப் பெண் தமிழ்செல்வியின் முழுப் பேரையும் கேட்டு எழுதிக்கொண்டாள். பிறகு, தகவலுக்கு நன்றிங்க ஐயா என்று மரியாதையாகச் சொல்லி வைத்தாள். டீ வாங்கிக் கொடுக்கத்தான் வழியில்லை என்று நினைத்துக்கொண்டு வெள்ளைத்துரை நிம்மதியாகப் போய்க் குளித்தார்.

திங்கட்கிழமை சாயங்காலம் ஜீப்பை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். தமிழ்செல்வி போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதினஞ்சு நாளில் ஏற வேண்டிய இடத்தை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்களாம். தகப்பனார் சொன்னதன்பேரில் என்று போட்டுச் செய்தி வந்திருந்தது. புதுக் கம்பெனி லெட்டரும் வரவில்லை.

அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் அவரும் பதிலுக்குப் போட்டிருப்பார், முடிந்திருக்கும்.

"ரெண்டு ஜீப்புக்கும் நடுவுல, பாதி மலையில என்னைய எறக்கி விட்டுட்டீங்கப்பா," என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் இருட்டோடு ஸ்டாண்டுக்குப் போனவர் தன் வண்டிக்குப் போகாமல் காசிமாயன் வண்டிக்குப் போனார். சுப்புத்தாய் முன்சீட்டில், தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வந்து ஒரு மாசம் ஆகாதவளுக்கு முன்சீட்டு. அவருக்கு அதுவே கண்ணை உறுத்தியது.

ஏன் சொல்லாமல் போனாய் என்று கேட்டார். முதலில் அவள் மலையைத்தான் பார்த்தாள். அப்புறம் திரும்பினாள்.

"ரெண்டு வருசமாச் சொன்னேனே அண்ணே. பின்னாடி ஒக்காந்தா வளைவுக்கு வளைவு கொடலைப் புரட்டுது, முன்னாடி எடம் குடுங்கன்னு. எனக்கு முன்னாடி மூணு பேரு மூப்புன்னீக. இங்க யாருக்குக் கொமட்டுதோ அவுக முன்சீட்டு. மூப்பைக் கட்டிக்கிட்டு நான் வாந்தி எடுத்ததுதான் மிச்சம்."

"சரி, அதைச் சனிக்கெழமை சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல."

"சொன்னா விட்ருப்பீகளா? ஒரு டீயை வாங்கிக் குடுத்து, நாலு நல்ல வார்த்தை பேசி, திரும்ப ஒக்கார வச்சிருப்பீக. போன வருசம் அப்படித்தான ஆச்சு."

ஆமாம், ஆகியிருந்தது. இஞ்சி டீ. வெள்ளைத்துரை தன் வண்டிக்கு வந்தார். அன்றைக்குப் பதினேழு வளைவையும் ஒரு பேச்சுப் பேசாமல் ஓட்டினார். பின்னால் இருந்த பெண்கள் அண்ணனுக்குப் பல்வலி என்று முடிவு கட்டினார்கள்.

புதன்கிழமை புதுக் கம்பெனியிலிருந்து மறுபடியும் கேட்டார்கள், பழைய கப்பலில் உன்னைப் பற்றிச் சொல்ல யார் இருக்கிறார்கள் என்று. இதற்குத்தான் தமிழ்செல்வி பயந்துகொண்டிருந்தாள். கேட்டால் பழைய இடத்துக்குத் தெரிந்துவிடும் என்று பேர் கொடுக்காமல் தள்ளிப்போட்டிருந்தாள். லெட்டர் இழுத்ததும் அதனால்தான். இப்போது தெரிவதற்கு மிச்சம் ஒன்றுமில்லை. கப்பலில் இருந்த பெரிய செஃப்புக்கே நேராகப் போன் போட்டாள். கோவாக்காரர். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. உங்கப்பா ஏஜெண்டுகிட்ட உத்தரவு கேட்டாராமே என்று ரொம்ப நேரம் சிரித்தாராம். நீ போறதுல எனக்கு நஷ்டம், போ, என்றவர் நல்லபடியாக எழுதியும் கொடுத்துவிட்டார். சனிக்கிழமை மத்தியானம் லெட்டர் வந்தது.

வெள்ளைத்துரை நெஞ்சை நிமிர்த்தினார். "பாத்தியா? சொன்னதாலதான் கெடைச்சுது."

"கெடைச்சுதுங்கிறதுக்காக நீங்க பண்ணுனது சரின்னு ஆயிராதுப்பா," என்றாள் தமிழ்செல்வி. ஆனால் முகத்தில் சிரிப்பு இருந்தது. ஆறு வருசத்தில் லீவு முடிகிற நேரத்தில் அவள் முகம் அப்படி இருந்து அவர் பார்த்ததில்லை. லீவு முடியப் போகிறதென்றால் கடைசி வாரம் எதையாவது தைத்துக்கொண்டு மூலையில் கிடப்பாள். இந்தத் தடவை பெட்டியை மூணு நாள் முன்னாலேயே கட்டி வைத்துவிட்டாள்.

கிளம்புகிற அன்றைக்குச் சாயங்கால மதுரை ரயிலுக்குப் போடி ஸ்டேஷனில் கொண்டுபோய் விட்டார். பன்னிரண்டு வருசம் நின்றுபோய் இப்போது ஓடுகிற இந்த ரயிலையும் அவர் நம்புவதில்லை. திரும்ப எப்ப நிறுத்துவானோ என்பார். பெட்டியை ஏற்றிவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மூணு மாசத்துல பரீட்சை வைக்கலைன்னா?"

"கேப்பேன்."

"அடுத்த தடவைன்னு சொன்னா?"

"எறங்கிருவேன்." கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள். "நானே சொல்லிக்கிறேன்ப்பா. நீங்க போன் போட வேண்டாம்."

புதுக் கம்பெனி ஏஜெண்டும் நம்பர் போட்டுக் காலண்டர் அனுப்புவாரா என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை.

ரயில் நகர்ந்தது. ஜன்னலில் கை ஆட்டிக்கொண்டே போனாள், சின்னப் பிள்ளை ராட்டினத்தில் போகிற மாதிரி. அவர் திரும்பி நடந்தார். போகிறவளுக்கு மேல் பெர்த்து, தெரியாத அடுப்பு, பேர் தெரியாத ஆட்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? சுப்புத்தாய் விசயமாவது ஒரு கணக்கில் சேர்த்தி, கொடலைப் புரட்டினால் மனுசி என்ன செய்வாள். நாளைக்குப் பின்சீட்டில் யாருக்காவது புரட்டுகிறதா என்று கேட்டு வைக்கலாம், கேட்பதில் ஒன்றும் குறைந்துவிடாது. ஆனாலும் ஆறு வருச மூப்பை அப்படியே போட்டுவிட்டுப் போவது அவருக்கு இன்னும் சரியென்று படவில்லை. தலையை ஆட்டிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், ஜீப்பு நின்ற பக்கம் போனார்.