மூன்று பல்பு அலமாரி

எங்கள் தீவின் ஹேடோ குவார்ட்டர்ஸில் மழைக்காலம் வந்தால் வீட்டுக்கு வீடு அலமாரிக்குள் ஒரு பல்பு எரியும். இல்லாவிட்டால் பட்டுப்புடவை முதல் செருப்பு வரை பூசணம் பிடித்துவிடும். சர்வே ஆபீசர் பக்தவத்சலம் வீட்டு அலமாரியில் மட்டும் மூன்று பல்பு. மனிதருக்கு எதிலும் ஒரு படி உசத்தி வேண்டும்.

தீவு மண்ணில் அணுத்தாது இருக்கிறதா என்று தேட வந்த இலாகா அவருடையது. தேடும் கருவிக்கு உயிரே அலுமினிய டப்பாவில் அடைத்த ஒரு படிகம்தான். தாதுவிலிருந்து வரும் காமா கதிர் பட்டால் அதனுள் ஒரு மினுக்கல் தோன்றும். அதை எண்ணிக் கருவி முள்ளை ஆட்டும். ஈரக்காற்று பட்டால் படிகம் பாழ்.

போன வருஷம் அந்த டப்பாவை மனைவி சுசீலாவுக்குக் காட்டவென்று திறந்தவர் பக்தவத்சலமேதான். எதிர்வீட்டு என் ஜன்னலிலிருந்து நன்றாகத் தெரிந்தது. நாலே நாளில் படிகத்துக்கு மஞ்சள்காமாலை. பழி மெக்கானிக் ஜம்புலிங்கத்தின் தலையில் விழுந்தது. அவரைப் பெட்டி தூக்கும் கலாசியாக இறக்கி, இனிமேல் கருவியைத் தொடவோ அதைப் பற்றிப் பேசவோ கூடாது என்று எழுத்திலும் கொடுத்தார் பக்தவத்சலம். என்னை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இந்த ஆடியில் புதுப் படிகம் கப்பலில் வந்தது. துறைமுகத்திலிருந்து சுமந்து வந்தவர் ஜம்புலிங்கம். பெட்டியின் மேல் ஒட்டியிருந்த சீட்டை நிதானமாகப் படித்தார்: சூடும் குளிரும் சட்டென்று மாறினால் படிகம் விரிசல் விடும். பக்தவத்சலம் அதைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. ஈரத்துக்குப் பயந்து டப்பாவைத் தன் வீட்டு அலமாரியில், மூன்று பல்புக்கு நடுவே குடிவைத்தார். வீசியெறிந்த பெட்டியிலிருந்து சீட்டைக் கிழித்து எடுத்துக்கொண்டார் ஜம்புலிங்கம்.

அவர் மனைவி மரகதத்துக்கு மனசு கேட்கவில்லை.

"ஏங்க, ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன்."

"சுப்சாப் வாயை மூடிட்டு இருன்னு எழுதியே குடுத்திருக்காரே."

"பாவங்க."

"யாரு?"



மெயின்லேண்டிலிருந்து மேலதிகாரி ராஜமாணிக்கம் சோதனைக்கு வந்த அன்று அடைமழை. கொதித்துக் கிடந்த டப்பாவை பக்தவத்சலம் மழையில் நனைய நனைய ஆபீசுக்குக் கொண்டுபோனார். கருவியில் பொருத்தினால் முள் தாறுமாறாக ஆடியது. டப்பாவின் கண்ணாடி முகத்தில் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். குறுக்கே விரிசல்.

"இவன் வேலைதான் சார். கப்பல்லேர்ந்து தூக்கிட்டு வந்தவன் இவன்," என்றார் பக்தவத்சலம், வாசலில் நின்ற ஜம்புலிங்கத்தைக் காட்டி.

"வந்தப்புறம் எங்க வச்சிருந்தீங்க?"

"எங்க வீட்டு அலமாரியில சார். பல்பு போட்டு, பத்திரமா."

ஜம்புலிங்கம் சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினார். ராஜமாணிக்கம் அதை இரண்டு தரம் படித்தார்.

"இதைப் படிச்சிட்டா பேசாம இருந்தே?"

ஜம்புலிங்கம் இன்னொரு பையிலிருந்து பழைய உத்தரவை எடுத்துக் கொடுத்தார். கீழே பக்தவத்சலத்தின் கையெழுத்து முத்துமுத்தாக இருந்தது.

ஒதுக்குப்புறத் தீவான லாங் ஐலண்டுக்கு மாற்றல் ஆனது பக்தவத்சலத்துக்கு. ஜம்புலிங்கத்தை மறுபடி மெக்கானிக் ஆக்குவதாகச் சொன்னார்கள். அவரோ, "அடுத்த போட் போற வரைக்கும் கலாசியாவே இருக்கேன் சார்," என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஏன் என்று படகுத்துறையில் தெரிந்தது. பக்தவத்சலத்தின் சாமான் பதினேழு உருப்படி. ஒவ்வொன்றையும் தூக்குமுன் ஜம்புலிங்கம் குனிந்து கேட்டார்:

"சார், இதைத் தொடலாங்களா?"

பக்தவத்சலம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பதினேழு தடவையும் சுசீலாதான் தலையாட்டினாள்.