கோமளாவுக்குத் தெரியாத தலை

குதிரை ஒரு மனிதனை எதை வைத்து அடையாளம் கண்டுகொள்கிறது என்று திலீப் அதுவரை யோசித்ததே இல்லை. யோசித்திருந்தால் அந்தப் புரட்டாசி சனிக்கிழமை மொட்டை போட்டுக்கொண்டிருக்க மாட்டான்.

குப்பத்துக்கு வெளியே, கிரானைட் குவாரிகளைத் தாண்டிப் போனால், பந்தயக் குதிரைகளைப் பழக்கும் பண்ணை ஒன்று இருக்கிறது. அங்கே அவன் ரைடிங் பாய். பேரில்தான் பாய், மீசை நரைக்கத் தொடங்கிவிட்டது, வடமாலபேட்டையில் பெண்டாட்டியும் இரண்டு பெண் குழந்தைகளும் இருக்கிறார்கள். பந்தயத்தன்று பெங்களூரில் பளபளவென்று பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு ஓட்டுகிறவர் ஜாக்கி. அவர் ஏறுவதற்கு முன்னால், தினமும் விடியற்காலையில் மணல் பாதையில் குதிரையை நடக்கவிட்டு, ஓடவிட்டு, அதன் மூச்சையும் காலையும் தேற்றி வைக்கிறவன் ரைடிங் பாய். கல்யாண வீட்டுச் சமையல்காரர் மாதிரி. புகைப்படம் எடுக்கும்போது அவரை யாரும் தேடுவதில்லை. சாம்பாரில் உப்பு குறைந்தால் மட்டும் தேடுவார்கள்.

திலீப்புக்கு அதில் வருத்தம் கிடையாது. அவனுக்குக் கோமளா இருந்தாள்.

கோமளா செம்பட்டை நிறப் பெண் குதிரை. அவளுக்கு நீளமான ஆங்கிலப் பெயர் ஒன்று உண்டு; அதைச் சொல்லிக் கூப்பிட்டால் லாயத்தில் எல்லோருக்கும் நாக்கு சுளுக்கும், அவளும் திரும்பிப் பார்க்க மாட்டாள். ஓடினால் காற்று. ஆனால் முதுகில் ஆள் ஏறவேண்டுமே. பண்ணையின் இன்னொரு ரைடிங் பாய் கேசவன் ஏறப்போய், அவள் அவன் தோளைக் கடித்து, அந்த இடத்தில் இன்றைக்கும் ஒரு அரைவட்டத் தழும்பு இருக்கிறது. அன்றிலிருந்து கேசவன், இது குதிரையே இல்லை, இதை விற்றுத் தொலைத்தால்தான் பண்ணை உருப்படும் என்று பயிற்சியாளர் சுனிலிடம் ஓயாமல் சொல்லி வந்தான். சுனில் பெங்களூர்க்காரர், கையில் கடிகாரமும் முகத்தில் சந்தேகமுமாகவே திரிகிறவர். பாதி நம்பிவிட்டார்.

திலீப்பிடம் மட்டும் அவள் வேறு மாதிரி. காலையில் ஏதாவது ஒரு பாட்டை மூக்காலேயே பாடிக்கொண்டு அவன் வருவான். வந்து, ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தலையைக் குனிந்து நிற்பான். அவள் அவனுடைய சுருட்டை முடிக்குள் மூக்கை விட்டு, காலைப் பேப்பர் படிக்கிற பெரியவர் மாதிரி நிதானமாக மோந்து பார்ப்பாள். ஒரு கற்றையை உதட்டால் இழுத்து விடுவாள். பிறகு ஒரு தும்மல். அவ்வளவுதான், ஏறிக்கொள்ளலாம். இந்தச் சடங்கில் ஏதாவது ஒன்று குறைந்தால் அவள் தூணைப் போல நிற்பாள், அல்லது தூணையே உதைப்பாள்.

கோமளாவின் சொந்தக்காரி சித்தூரில் மாம்பழக்கூழ் தொழிற்சாலை நடத்தும் வஸுமதி அம்மாள். அவர் விரும்பி வாங்கியது அல்ல. மகன் அச்சுத் ஆசைப்பட்டு வாங்கிவிட்டு அமெரிக்காவுக்குப் போய்விட்டான். மற்ற பிள்ளைகள் பழைய மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டுப் போவார்கள். இவன் தீனி தின்கிற ஒன்றை விட்டுவிட்டுப் போனான். அந்த அம்மாள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் சுனிலுக்குப் போன் செய்தார். திங்கட்கிழமை காலையில் வருகிறேன், ஆள் ஏறி அது ஓடுவதை என் கண்ணால் பார்க்கவேண்டும், ஓடாவிட்டால் திருப்பதியில் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை வாடகைக்கு விடும் திருவேங்கடத்துக்குக் கொடுத்துவிடுகிறேன் என்றார்.

திருவேங்கடம் நல்லவர்தான். ஆனால் அவர் தொழில் அப்படி. முன்னால் பேண்டு வாத்தியம், பின்னால் ஆயிரம் வாலா, தலைக்கு மேலே கேமராவோடு பறக்கிற டிரோன், நடுவில் குதிரை. கோமளாவோ பிளாஸ்டிக் வாளி கீழே விழுந்தாலே சுவருக்குள் புகப்பார்க்கிறவள். அதை நினைத்து திலீப்புக்குச் சோறு இறங்கவில்லை. ஏழுமலையானிடம் வேண்டிக்கொண்டான். கோமளா இங்கேயே இருந்துவிட்டால் முடி கொடுக்கிறேன் சாமி.

இதை அவன் மனசோடு வைத்திருக்கலாம். விடுப்பில் வீட்டுக்குப் போனவன் மனைவி ரூபாவிடம் சொல்லிவிட்டான். அந்த வாரம் திருமலைக்குப் போக அவள் எப்போதோ டிக்கெட் எடுத்து வைத்திருந்தாள்.

"அப்ப இன்னா, இப்பவே குடுத்துட வேண்டியதுதானே மாமா," என்றாள்.

காரியம் முடிந்த பிறகுதானே கொடுக்கவேண்டும் என்று அவன் இழுத்தான்.

"வேலைய முடிச்சுக் குடு, அப்புறம் கூலி தரேன்னு சாமிகிட்டயே பேரம் பேசுவியா? நம்பிக்கை இருந்தா முன்னாலயே குடு."

இதற்குப் பெரிய பண்டிதர்களாலும் பதில் சொல்லியிருக்க முடியாது. அடிவாரத்து அலிபிரியிலிருந்து நடந்தே ஏறினார்கள். வழி நெடுக, குழந்தைகள் சோர்ந்து உட்காரும்போதெல்லாம், இவன் மலையே அதிரும்படி "கோவிந்தா" போட்டுத் தூக்கி நடத்தினான். மொட்டை போடும் கல்யாணக்கட்டாவில், அங்கே கொடுத்த பிளேடோடு வரிசையில் நின்று, தலையைக் கொடுத்து, குளித்து, உச்சியிலிருந்து கழுத்துவரை சந்தனம் அப்பிக்கொண்டு சாமியைப் பார்த்தான். மனசு பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை குப்பத்துக்கு பஸ் ஏறும்போது தொண்டை மட்டும் கட்டியிருந்தது. பேசினால் ஓட்டைச் சைக்கிள் பம்பு மாதிரி காற்றுதான் வந்தது.

சாயங்காலம் நேரே லாயத்துக்குப் போனான். கோமளாவுக்கு முன்னால் சந்தோஷமாகக் குனிந்து நின்றான்.

கோமளா பார்த்தாள். மஞ்சளாக, வழவழவென்று, முடியே இல்லாமல், கோயில் வாசனை அடித்துக்கொண்டு ஏதோ ஒன்று தன்னை நோக்கி வருகிறது. பாட்டு வரவேண்டிய இடத்தில் புஸ் என்று சத்தம் வருகிறது. அவள் கனைத்த கனைப்பில் பக்கத்து லாயக் குதிரைகள் எல்லாம் காதை மடக்கின. பின்னங்கால்களால் கதவில் ஒரு உதை விட்டாள். திலீப் தவிட்டு மூட்டைக்குப் பின்னால் போய் விழுந்தான்.

கேசவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "தலை, குரல், வாசனை, மூணையும் மலையிலயே உட்டுட்டு வந்துக்கினு, நான்தான் திலீப்புன்னு சொன்னா குதிரை எப்படிடா நம்பும்? ஆதார் கார்டு காட்டு."

சிரித்தானே தவிர, இருட்டுவதற்குள் அவனே பைக்கை எடுத்துக்கொண்டு போய், குப்பத்தில் பாரதக் கூத்து ஆடுகிற ஒருவரிடமிருந்து துச்சாதனன் டோப்பாவை இரவல் வாங்கிவந்தான். அதை வைத்துக்கொண்டு திலீப் குனிந்தான். கோமளா ஒரு கணம் யோசித்தாள். பிறகு டோப்பாவைப் பல்லால் கவ்வி, இரண்டு உதறு உதறி, தண்ணீர்த் தொட்டியில் போட்டாள். துச்சாதனனுக்கு எந்தக் கூத்து மேடையிலும் அப்படி ஒரு தண்டனை கிடைத்ததில்லை. கேசவன் அதைப் பிழிந்து உலர்த்திக்கொண்டே, நான் அன்றைக்கே சொன்னேன் என்று முணுமுணுத்தான்.

திங்கட்கிழமை வஸுமதி அம்மாளின் கார் சொன்னபடி வந்துவிட்டது. நெற்றியில் பளிச்சென்று ஸ்ரீசூர்ணம், மடிப்புக் கலையாத புடவை, கையில் காப்பி பிளாஸ்க். சுனில் ஓடிப்போய் வணக்கம் சொல்லி, வெயில் ஏறுவதற்குள் உடனே ஆரம்பித்துவிடலாம் மேடம் என்றார். லாயத்துக்குள்ளிருந்து கட்டையை உடைக்கிற மாதிரி சத்தம் வந்துகொண்டிருந்தது. திலீப் கையில் ஹெல்மெட்டோடு வாசலில் நின்றான். இப்போது உள்ளே போனால் என்ன நடக்கும் என்பது அவனுக்குத் தெரியும். நடந்ததும் திருவேங்கடத்துக்குப் போன் போகும் என்பதும் தெரியும்.

அப்போதுதான் கேசவன் முன்னால் வந்து, பவ்யமாகக் கையைக் கட்டிக்கொண்டான்.

"அம்மா, இன்னிக்குத் திங்கக்கிழமை."

"ஆமாம்."

"மணி ஏழரை ஆவப் போவுது."

அந்த அம்மாளின் முகம் மாறியது. திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது ராகு காலம். விடியுமுன் கிளம்பிய அவசரத்தில் அவருக்கே அது மறந்திருந்தது.

குதிரைக்கு ராகு காலமெல்லாம் தெரியாது மேடம் என்றார் சுனில்.

"அதுக்குத் தெரியாது. நேக்குத் தெரியுமே. தெரிஞ்சுண்டே ஆரம்பிக்கச் சொல்றேளா?" என்று கேட்டுவிட்டு, அவர் வேப்பமரத்தடி நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

திலீப் கேசவனைப் பார்த்தான். கேசவன் வானத்தைப் பார்த்தான். இத்தனை நாள் சொல்லிவந்த சொல் இன்னும் சற்று நேரத்தில் மெய்யாகியிருக்கும். அதைத் தன் வாயாலேயே அவன் தள்ளிப்போட்டுவிட்டான். ஏன் என்று கேட்டிருந்தால் அவனுக்கும் சொல்லத் தெரிந்திருக்காது. நல்ல காரியங்கள் பல இப்படித்தான், செய்கிறவனுக்கே தெரியாமல் நடந்துவிடுகின்றன.

திலீப் ஹெல்மெட்டை வெளியே வைத்துவிட்டு உள்ளே போனான். கோமளா மூலையில் ஒதுங்கி நின்றாள். அவன் கிட்டே போகவில்லை. அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வைக்கோலில் உட்கார்ந்தான். அவள் புதிதாக வந்திருந்த நாட்களிலும் அவன் வேறு எதுவும் செய்ததில்லை. சும்மா உட்கார்ந்துதான் இருந்தான். கூப்பிடக் குரல் இல்லை. வேண்டிக்கொள்ளவும் புதிதாக எதுவும் இல்லை, கொடுக்க இருந்ததைக் கொடுத்தாகிவிட்டது. ஒருவேளை இவள் போகத்தான் வேண்டும் என்றால், போகிற இடத்தில் வெடியை மட்டும் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லு சாமி என்று நினைத்துக்கொண்டான்.

தகரக் கூரை சூடேறியது. அவனுக்கு வியர்த்தது. வியர்வை வழிந்து, மிச்சமிருந்த சந்தனத்தைக் கரைத்துக்கொண்டு கழுத்தில் இறங்கியது.

சும்மா உட்கார்ந்து பழக்கமில்லாத வஸுமதி அம்மாள், லாயத்தைப் பார்க்கலாமென்று அந்தப் பக்கம் வந்தார். உள்ளே எட்டிப் பார்த்தவர் கேசவனிடம் மெதுவாக, அவன் திருமலைக்குப் போய்விட்டு வந்தானா, ஏன் இப்படி உட்கார்ந்திருக்கிறான் என்று விசாரித்தார். கேசவன் ஒன்றையும் மறைக்கவில்லை. டோப்பா உட்பட எல்லாவற்றையும் சொன்னான்.

"யாருக்காக வேண்டிண்டான்?"

"இதுக்காகத்தாம்மா."

அந்த அம்மாள் அங்கே கவிழ்த்து வைத்திருந்த வாளிமேல் உட்கார்ந்தார். "என் குதிரைக்கு இவன் முடி குடுத்திருக்கான். நான் இதுக்குன்னு ஒரு துளசிதளம் போட்டதில்லை." பிறகு, "ஆனாலும் ஓடணும்டாப்பா. நின்னுண்டே இருக்கிற குதிரையை வச்சுண்டு நான் என்ன பண்றது?" என்றார். அதுவும் நியாயம்தான்.

வைக்கோல் சரசரத்தது. கோமளா ஒரு அடி எடுத்து வைத்தாள். இன்னொன்று. அவன் தலைக்கு மேலே நின்று மோந்து பார்த்தாள். சந்தனம் போய், அடியிலிருந்து பழைய வியர்வை வாசனை, தினமும் அவள் படித்த வாசனை, மேலே வந்திருந்தது. ஈரமான பெரிய நாக்கால் கழுத்திலிருந்து நெற்றிவரை ஒரே இழுப்பாக நக்கினாள். நன்றாக இருந்திருக்கவேண்டும், மறுபடியும் நக்கினாள். ஓரம், நடு, காதுக்குப் பின்னால் என்று குழந்தை தட்டை வழிக்கிற மாதிரி வழித்தாள். திலீப் கண்ணை இறுக மூடிக்கொண்டு அசையாமல் இருந்தான். கடைசியில் அந்த மொட்டைத் தலைமேல் ஒரு தும்மல் விழுந்தது. அவன் துடைத்துக்கொள்ளவில்லை.

ராகு காலம் முடிந்ததும் சுனிலே வந்து அவன் காலைத் தாங்கி ஏற்றிவிட்டார். வெயிலில் இரண்டு சுற்று வேண்டாம், ஒரு சுற்று போதும் என்றார். கோமளா மணலில் இறங்கி, காதை முன்னால் நீட்டி, ஓட ஆரம்பித்தாள்.

இதற்கு நடுவில் ஒரு சங்கடம். முடி இருந்த தலைக்கு அளவெடுத்த ஹெல்மெட் மொட்டைத் தலையில் ஆடியது. முதல் திருப்பத்திலேயே மூக்கு வரைக்கும் இறங்கிவிட்டது. சரிசெய்யக் கையை எடுக்க முடியாது. கடிவாளத்தை இழுக்கவும் முடியாது. பந்தயக் குதிரையை இழுத்தால் அது அதையே சாய்மானமாக வைத்துக்கொண்டு இன்னும் வேகமாக ஓடும். இருட்டில் உட்கார்ந்து, கையைத் தளர்த்தி, நீ போ தாயே என்று விட்டுவிட்டான். அவள் வளைவில் வளைந்து, நேர்ப்பாதையில் நேராக, வேலிக் கம்பத்தை உரசாமல் ஓடிவந்து, தானே வேகம் குறைத்து, வஸுமதி அம்மாளுக்கு எதிரே நின்றாள். சுனில் கடிகாரத்தைப் பார்த்தார். அதைக் காதில் வைத்து ஓடுகிறதா என்று கேட்டார். மறுபடி பார்த்தார்.

"என்ன சொல்றது உங்க கடிகாரம்?"

பெங்களூருக்கு அனுப்பலாம் மேடம் என்றார் சுனில். அவர் குரலே மாறியிருந்தது.

திருவேங்கடத்துக்குத் தானே போன் செய்து வேறு சாதுவான குதிரையாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடுவதாக அந்த அம்மாள் சொன்னார். காரில் ஏறப்போனவர் நின்று, கேசவனைக் கூப்பிட்டார்.

"இது ஒருத்தனையே நம்பிண்டு இருக்கப்படாது. நாளைக்கு இவனுக்கு ஜுரம் வந்தா? நாளையிலேருந்து நீயும் ஏறு."

கேசவனின் கை தானாகத் தோளுக்குப் போனது. சரிம்மா என்றான். கார் போன பிறகும் அப்படியே நின்றான்.

திலீப் இறங்கி, கோமளாவைக் கயிறு பிடித்து, ஓடிய சூடு ஆற நடத்திக்கொண்டு அவன் பக்கத்தில் வந்தான். எவ்வளவோ சொல்லவேண்டும் என்றிருந்தது. தொண்டையைக் கனைத்து, தேறிய கொஞ்சக் குரலில், "பயப்படாத கேசவா. நான் கூடவே நிக்கறேன்," என்றான்.

"நீ நிப்ப. அது நிக்கணுமே," என்றான் கேசவன். சொல்லிக்கொண்டே கயிற்றின் இன்னொரு முனையைக் கையில் வாங்கிக்கொண்டான். அவளை நடுவில் விட்டு, இரண்டு பேரும் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நடந்தார்கள்.