சராசரி வயது முப்பத்து நாலு

டேரோ ஊரின் சராசரி வயது முப்பத்து நாலு என்று மக்கள்தொகை விவரத்தாளில் அச்சாகியிருந்தது. ஆர்லீன் ஷ்ரேடர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தாள். எழுபத்தொரு வயதாகும் அவளைத்தான் தேவாலயத்தில் பாதிப் பேர் இன்னும் 'சின்னப் பொண்ணு' என்கிறார்கள்.

மாதம் ஒருமுறை, தானியக் கூட்டுறவுச் சங்கத்தின் பின்னறையில், வாஷிங்டனில் இருக்கும் தொகுதி உறுப்பினரின் அலுவலகம் இரண்டு மணி நேரம் நடக்கும். உறுப்பினர் வர மாட்டார். நூற்றுக்கு எழுபத்தெட்டு வாக்கு தானாக விழுகிற தொகுதிக்கு வந்து என்ன செய்ய? எதிர்க்கட்சி இரண்டு தேர்தலாக ஆளே நிறுத்தவில்லை. ஆர்லீனும் நாற்பது வருஷமாக அந்த எழுபத்தெட்டில் ஒருத்திதான். உறுப்பினருக்குப் பதிலாக பிரெட்டன் என்ற இளைஞன் தேய்த்த சட்டையோடு வந்து உட்கார்ந்திருந்தான்.

"முதியோர் வேனை இந்த மாசத்தோட நிறுத்துறாங்களாம் தம்பி. என் வீட்டுக்காரர் டுவெய்னுக்கு வாரம் மூணு தடவ டயாலிசிஸ். போக எழுபத்திரண்டு மைல். எனக்குக் கண்ணுல புரை, வண்டி ஓட்டக்கூடாதுன்னுட்டாங்க."

"வருத்தமாத்தான் இருக்கு மேடம். ஆனா விவரத்தாள்படி இங்க அறுபத்தஞ்சு தாண்டினவங்க நூத்துக்குப் பத்துதான். ஆம்பளைங்க நூத்துக்கு எண்பத்தாறு. இவ்வளவு இளவட்டமான ஊருக்கு முதியோர் வேன் ஒதுக்க முடியாது."

"இளவட்டமா? போன மாசம் சர்ச் விருந்து முடிஞ்சு நாற்காலி மடக்க ஆளில்லாம அப்படியே போட்டுட்டு வந்தோம்."

"மக்கள்தொகை ஆயிரத்து நானூத்தி எழுபது மேடம்."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அதில் ஆயிரத்து அறுபது பேர் ஊர்க்கோடிச் சிறையில் இருப்பவர்கள். இருபது வருஷத்துக்கு முன்னால் நகர மன்றம்தான் சிறை நிலத்தை ஊர் எல்லைக்குள் சேர்த்துக்கொண்டது. தலைக்கணக்கு கூடினால் சாலைக்கு அரசு தரும் பணமும் கூடும். அதற்குக் கை தூக்கிய ஐந்து மன்ற உறுப்பினர்களில் அவளும் ஒருத்தி. அன்று எல்லோருக்கும் ருபார்ப் தண்டு வைத்த இனிப்புப் பண்டம் சுட்டுக் கொண்டுபோயிருந்தாள். சாலை இன்றும் வழவழப்பாகத்தான் இருக்கிறது. அதில் போகத்தான் வண்டி இல்லை.

"வேற வழியே இல்லையா?"

"மனு போடலாம். ஊர்ல வசிக்கிற, பதினெட்டு வயசு தாண்டின பெரியவங்கள்ல பாதிப் பேர் கையெழுத்து. எழுநூறு வேணும்."

"சிறைக்கு வெளிய பெரியவங்கன்னு இருக்கிறதே முந்நூத்தி முப்பது பேரு."

"அது தாள்ல இல்ல மேடம்."

"உள்ள இருக்கிறவங்களுக்கு ஓட்டு?"

"கிடையாது."

"கையெழுத்து?"

பிரெட்டன் படிவத்தைப் புரட்டினான். மறுபடி முதலிலிருந்து புரட்டினான். "வசிக்கிறவங்கன்னுதான் இருக்கு," என்றான். முதல் தடவையாக அவன் வயசுக்குத் தகுந்த முகம் தெரிந்தது.

மூன்று வாரத்தில் ஆர்லீன் வெளியே இருந்த முந்நூற்று முப்பதையும் வாங்கிவிட்டாள், அவளிடம் பேசாத நாத்தனார் உட்பட. மீதிக் கையெழுத்துக்காகச் சனிக்கிழமை சிறைக்கு நடந்தே போனாள். உள்ளே இருப்பவர்களைப் பார்க்கத் தூரத்து நகரங்களிலிருந்து இரவெல்லாம் பஸ்ஸில் வந்த பெண்கள் வரிசையில் நின்றார்கள். இருபது வருஷத்தில் இவர்களில் ஒருத்தியையும் அவள் பார்த்ததில்லை.

வாசலில் இருந்த காவலன் சிறுவயதில் தேவாலய ஞாயிறுப் பள்ளியில் அவளிடம் படித்தவன்.

"யாரப் பாக்கணும் மிஸ் ஆர்லீன்?"

"முந்நூத்தி எழுபது பேர."

"பேரு?"

"தெரியாது. எங்க ஊர்க்காரங்க."

அவன் சிரிக்கலாமா என்று யோசித்தான். "பட்டியல்ல பேர் இல்லாம உள்ள விட முடியாது. பேனாவும் கூடாது."

அவள் பேனாவைத் தட்டில் வைத்தாள். வரிசையை விட்டு விலகவில்லை. பின்னால் தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டிருந்த பெண் எட்டிப் பார்த்தாள். "என்ன பேப்பர்ம்மா அது?"

ஆர்லீன் திரும்பி, அவள் படிக்க வசதியாக மனுத்தாளைத் தூக்கிப் பிடித்தாள். காற்றில் அது படபடத்தது. அந்தப் பெண் ஒரு கையால் பிள்ளையை இறுக்கிக்கொண்டு, மறுகையால் தாளின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.